வலிக்காத கட்டிதானே, விடலாமா?

வாழைச்சேனையிலிருந்து ஒரு வாசகி கேட்டது: "எனக்கு 34 வயசு. கீழ்ப்பக்கம், உறுப்புக்கு ஓரத்தில ஒரு கட்டி. வலி இல்ல, காய்ச்சல் இல்ல. ரெண்டு புள்ள பெத்த உடம்புக்கு இதெல்லாம் வாறதுதான், வலிக்காத கட்டிக்குப் பயப்படத் தேவல்ல எண்டு மாமி சொல்றா. விடலாமா?"

2024 மார்ச் 9

விட வேண்டாம். சீழ்க்கட்டிதான் வலிக்கும், சிவக்கும், காய்ச்சல் காட்டும். கொழுப்பு, தசை, நார் போன்ற மென்னிழையங்களில் முளைக்கிற கட்டி பெரும்பாலும் சத்தமில்லாமல் வளரும். அதுவும் இடுப்புக்குழிக்குள் என்றால் மூத்திரப்பையும் மலக்குடலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கி அதற்கு இடம் விட்டுக்கொடுக்கும். ஆளுக்குத் தெரியவராது.

எனக்கும் அதே இடம்தான். இடது பக்கம். நின்றால் கீழே தொங்கியது, படுத்தால் உள்ளே வாங்கியது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் பாடவேளைக்குப் பிறகு கதிரையில் சரிந்து உட்காரப் பழகிவிட்டேன். பக்கத்து வகுப்பு ரீச்சர் கேட்டபோது இடுப்பு நோ என்றேன். யாரிடம் காட்டுவது என்ற வெட்கத்திலேயே காலம் போனது.

2024 மார்ச் 9, இரவு

எனக்கு நடந்ததை முழுக்க எழுதுகிறேன். ஊர், பேர் கேட்க வேண்டாம்.

முதலில் காட்டிய ஒரு தனியார் இடத்தில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு "பார்த்தொலின் சுரப்பி அடைச்சிருக்கு, கீறி விட்டாச் சரி" என்றார்கள். யோனி வாசலின் ஓரத்தில் ஈரம் சுரக்கிற சின்னச் சுரப்பி அது. ஸ்கான் இல்லை. கீறினார்கள். சீழும் வரவில்லை, நீரும் வரவில்லை. சாம்பல் நிறத்தில் வழவழப்பான சதை பிதுங்கியது, இரத்தம் நிற்கவில்லை. கொஞ்சத்தை வெட்டி எடுத்து, துணி அடைத்து, தையல் போட்டு அனுப்பினார்கள். வெட்டிய சதை எங்கே என்று என் தங்கை கேட்டாள். கழிவு வாளியில் போட்டாயிற்று.

அந்தத் துண்டு, சதை அழுகாமல் காக்கிற ஃபோர்மலின் போத்தலுக்குள் ஆய்வுகூடத்துக்குப் போயிருந்தால் என் நோயின் பெயர் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2024 மார்ச் 11

பிறகு என்ன நடந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

காயம் ஆறியது. கட்டி அதே இடத்தில் திரும்ப வந்தது. இந்தத் தடவை கிளினிக்கில் பார்த்த வி.ஓ.ஜி., அதாவது பெண்நோயியல் நிபுணர், தொட்ட உடனே கையை எடுத்துவிட்டார். "இதுக்கு மேல ஒருத்தரும் கத்தி வைக்கக் கூடாது. முதல்ல எம்.ஆர்.ஐ." என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வெளியே கைக்குப் பட்டது 3 சென்ரிமீற்றர். எம்.ஆர்.ஐ.யில் 14. யோனிச் சுவரோடு ஒட்டி மேலே ஏறி, மலக்குடலை வலது பக்கம் தள்ளிக்கொண்டு கிடந்தது. மரவள்ளியில் தண்டைப் பார்த்துக் கிழங்கின் அளவைச் சொல்ல முடியாது, அப்படித்தான் இதுவும். ரிப்போட்டில் இன்னொரு வரி இருந்தது: கட்டிக்குள்ளே சுழல் சுழலாகப் பட்டைகள் தெரிகின்றன, உறுப்புகளைத் துளைக்கவில்லை, தள்ளியிருக்கிறது. அந்தச் சுழல் பட்டையைப் பார்த்ததும் கதிரியக்க வைத்திய நிபுணர் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார்: அக்ரஸிவ் ஆஞ்சியோமிக்ஸோமா.

ஸ்டீப்பர், ரொசாய் என்ற இரண்டு நோயியல் நிபுணர்கள் 1983இல் ஒன்பது பெண்களின் கட்டிகளை வைத்து முதன்முதலில் விவரித்த நோய் இது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும். பார்த்தொலின் நீர்க்கட்டி, சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, குடலிறக்கம் என்றெல்லாம் தவறாக எடுத்துக்கொள்ளப்படுவது உலகம் முழுக்க நடக்கிறது. நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போவது மிக மிக அரிது. ஆனால் இருந்த இடத்திலேயே திரும்ப வரும்.

2024 மார்ச் 12

"ஊசி குத்திப் பார்த்தாக் கட்டி பரவிடும் எண்டு சொல்றாங்களே ராத்தா?" (காத்தான்குடித் தங்கை)

என் அம்மாவின் வயதுள்ளவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். கண்டபடி வெட்டுவதுதான் ஆபத்து. ஸ்கானைப் பார்த்து, பிறகு சத்திரசிகிச்சை செய்யப்போகிறவரோடு கதைத்து, எந்த வழியால் போவது என்று தீர்மானித்து, தடித்த ஊசியால் குத்திச் சோதனைக்குத் துண்டு எடுக்கிற பயோப்சிதான் முறை. ஊசி போன பாதையும் பிறகு கட்டியோடு சேர்த்து எடுக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பது இந்த வகைக்குப் பெரும்பாலும் போதாது. வழவழப்பும் நாலு உயிர்க்கலமும்தான் வரும், பெயர் வராது.

மரக்க ஊசி போட்ட பிறகு எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த ஊசித் துவக்கு 'டக்' என்று அடிக்கிற சத்தத்துக்குத்தான் திடுக்கிட்டேன். வெள்ளைப் புழு மாதிரி நீளமான துண்டுகள், போத்தலின் அடியில் போய்ப் படுத்தன. மூடியில் என் பெயரும் கிளினிக் இலக்கமும் சரியா என்று இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

2024 மார்ச் 15

மேலே எழுதியதற்கு ஒரு விலக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எம்.ஆர்.ஐ.க்குக் காத்திருந்து ஆபத்தில் மாட்டுவீர்கள். காய்ச்சல், சிவப்பு, தொட முடியாத வலி, சீழ் என்றால் அது அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கீறிவிட வேண்டிய விஷயம். கீறினால் சீழ் வரவேண்டும். சீழ் வராமல் சதை வந்தால் அங்கேயே நிறுத்தி, ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

2024 மார்ச் 28

வாழைச்சேனைத் தங்கை எழுதியிருக்கிறா. ஸ்கான் எடுத்தாயிற்று, சாதாரண பார்த்தொலின் நீர்க்கட்டிதானாம். எவ்வளவு சந்தோஷம்! பத்துக்கு ஒன்பது என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம், அதைவிடக் கூடுதலான ஆட்களுக்கு இப்படிச் சாதாரணமாகத்தான் முடியும். ஆனால் ஸ்கான் எடுத்த பிறகுதான் அவவும் நானும் நிம்மதியாக இருக்கிறோம். மாமியிடம் இதைக் காட்டுங்கள்.

40 வயது தாண்டியவர்களுக்கு அதே இடத்தில் புதிதாகக் கட்டி வந்தால், பார்த்தொலின் போலத் தெரிந்தாலும் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சுரப்பியிலேயே புற்றுநோய் வரலாம் என்பதற்காக.

2024 ஏப்ரல் 6

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி எழுதியதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு 66 வயது. மூத்திரம் தடைப்படுகிறது என்று ஸ்கான் எடுத்தால் இடுப்புக்குழிக்குள் பெரிய கட்டி. புறொஸ்டேட் சுரப்பி வீக்கம் இல்லை. கடைசியில் ஒரு வரி: "ஒரு நல்ல விசயம், பத்து வருசமா இருந்த சீனி வருத்தம் தானா நல்லாகிட்டு. குளிசையே இல்லாம சீனி 60, 65 எண்டு நிக்குது."

தம்பி, அது நல்ல விஷயம் இல்லை. இன்றைக்கே டொக்டரிடம் அந்த வரியைச் சொல்லுங்கள். சொலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்று ஒரு வகை இருக்கிறது. அது பெரிதாக வளர்ந்தால் சிலருக்கு இன்சுலின் போல வேலை செய்கிற ஒரு பொருளைச் சுரந்து இரத்தத்தில் சீனியை இறக்கிவிடும். டோகே, பொட்டர் என்ற இருவர் 1930இல் தனித்தனியாக எழுதியதால் இப்படிச் சீனி இறங்குவதை அவர்கள் பெயரால்தான் அழைக்கிறார்கள். விடியப்புறம்தான் கூடுதலாக இறங்கும். வியர்வை, தடுமாற்றம், பிதற்றல் என்றால் சீனித்தண்ணீர் கொடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் ஒன்றும் ஊற்றவேண்டாம், உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

2024 ஏப்ரல் 7

மச்சாளிடம் கேட்டேன். அவ நோயியல் ஆய்வுகூடத்தில் வேலை, நான் இங்கே எழுதுகிற பாதி விஷயம் அவ சொல்லித்தந்ததுதான். முன்பு சொலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர் என்று உறுதியாகச் சொல்வது கஷ்டமாம். 2013இல் இதற்குக் காரணமான மரபணு இணைப்பைக் கண்டுபிடித்தார்கள், அதிலிருந்து ஸ்டாட்6 என்ற சாயப் பரிசோதனை வந்தது. கலத்தின் கரு அந்தச் சாயத்தில் கபில நிறமாக மாறினால் கிட்டத்தட்ட முடிவு.

சாயம் போடத் துண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். அதுதான் அவவுக்குப் பெரிய வயிற்றெரிச்சல். துண்டைச் சேலைன் என்கிற உப்புத் தண்ணீருக்குள் போட்டு, ஒரு நாள் கழித்துக் கொண்டுவருகிறார்களாம். கலம் எல்லாம் கரைந்து போயிருக்குமாம். பத்து வீத ஃபோர்மலினில், அதுவும் துண்டைப்போலப் பத்து மடங்கு ஊற்றித்தான் போட வேண்டுமாம். "போத்தலை வேன் டாஷ்போட்டில வெயிலுக்க வச்சுக் கொண்டுவராதீங்க எண்டும் எழுது" என்றா.

2024 ஏப்ரல் 19

அக்கரைப்பற்றுத் தம்பி: அப்பாவை வார்ட்டில் மறித்துவிட்டார்கள். விடியப்புறம் சீனி 41. சேலைனில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், பயோப்சி எடுத்தாயிற்று. அப்பா "கட்டியே என்ர சீனியத் தின்னட்டும், நான் தொதல் தின்னுறன்" என்று மிஸ்ஸிமாருக்கு (தாதிமாருக்கு) பகிடி விடுகிறாராம். அந்த மனம்தான் வேண்டும், ஐயா!

2024 மே 22

என் சத்திரசிகிச்சை பற்றி.

வயிற்றாலும் கீழாலும் இரண்டு பக்கத்தாலும் போனார்கள். வி.ஓ.ஜி.யும் பொது சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து. முதல் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேட்டார்கள். கட்டி மலக்குடல் சுவரோடு ஒட்டியிருக்கிறது. முழுக்க எடுக்கிறதென்றால் குடலில் ஒரு பகுதியும் போய், வயிற்றில் பை கட்ட வேண்டி வரலாம். ஒரு மெல்லிய படையை விட்டுவிட்டால் திரும்ப வளரலாம். எது விருப்பம்?

நான் அந்தப் படையை விடச் சொன்னேன். அதைச் சிலர் கோழைத்தனம் என்று நினைப்பீர்கள். யோசித்துத்தான் சொன்னேன். இந்த வகையில் ஓரம் சுத்தமாக எடுத்தவர்களுக்கும் திரும்ப வந்திருக்கிறது, ஓரத்தில் மிச்சம் இருந்தவர்களுக்கு வராமலும் இருந்திருக்கிறது. வெளிவந்த தொகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு அளவு திரும்ப வந்ததாகக் காண்கிறோம். உயிரைக் கொல்கிற பரவல் மிக அரிதான ஒரு நோய்க்கு, குடலைக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இந்தக் கணக்கு லைப்போசார்க்கோமா, லெயோமயோசார்க்கோமா போன்ற சார்க்கோமாக்களுக்கு, அதாவது மென்னிழையப் புற்றுநோய்களுக்கு, பொருந்தாது. அங்கே ஓரம் சுத்தமாக வருவதற்கு முதல் சத்திரசிகிச்சைதான் பெரிய சந்தர்ப்பம், பக்கத்து உறுப்பையும் சேர்த்து எடுக்க வேண்டி வந்தால் எடுக்கத்தான் வேண்டும். பெயர் தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது என்று நான் கத்திக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

2024 மே 23

காயம் ஆறும் காலம் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை. குந்தி இருக்கிற கக்கூசு அடியோடு சரிவராது, முதலே ஒரு கொமோட் கதிரை ஒழுங்குபண்ணுங்கள். மலம் இறுகவிடக் கூடாது, பப்பாசிப்பழமும் தண்ணீரும். உட்காரக் காற்றடைத்த வளையம் தந்தார்கள். அக்காவின் பேரன் அதைத் தூக்கிக்கொண்டு வாவிக்கு நீந்தப் புறப்பட்டான், படலையடியில் பிடித்தோம். அம்மா மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தா. ஆடி அமாவாசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவாவாம், தீர்த்தக் குளத்தில் இறங்க மட்டும் டொக்டர் இன்னும் விடவில்லை.

2024 ஜூலை 14

"உங்களுக்குக் கீமோ போடுறாங்களா?" இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

என் கட்டியின் கலங்களில் ஈஸ்ட்ரஜன், புறொஜெஸ்டரோன் ஹோர்மோன் வாங்கிகள் இருப்பதாக ரிப்போட்டில் வந்தது. கர்ப்ப காலத்தில் சிலருக்கு இது வேகமாக வளர்வதும் அதனால்தான். ஆகவே அந்த ஹோர்மோன்களைச் சுரக்கிற சூலகத்தை உறங்க வைக்கிற ஊசி: கொசெரலின், லியூப்ரொலைட் என்று பெயர்கள் வரும். எனக்குக் கொசெரலின், 28 நாளுக்கு ஒருமுறை. தடித்த ஊசியால் வயிற்றுத் தோலுக்குக் கீழே சின்ன மருந்துக் குச்சி ஒன்றை வைப்பார்கள். புறொஸ்டேட் புற்றுநோய்க்கும் இதே ஊசிதான், அதனால் வாங்கில் எனக்கு இரண்டு பக்கமும் வயதுபோன ஐயாமார். ஒருவர் கேட்டார்: "மகளுக்குமா இந்த ஊசி?" ஓம் ஐயா என்றேன். தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

பக்க விளைவு லேசில்லை. மாதவிடாய் நின்றது. உடம்பு திடீரென்று கொதிக்கும், நடு வகுப்பில் வியர்த்து வடியும். நித்திரை இல்லை. எலும்பு தேயும் என்பதால் கல்சியம் தருகிறார்கள். நிற்பாட்டினால் கட்டி திரும்ப வளரலாம், வாழ்நாள் முழுக்கவும் போட முடியாது. எனக்கு மிச்சமிருந்த படை சுருங்கியிருக்கிறது, 9 மில்லிமீற்றர்.

2024 ஜூலை 15

இரண்டு கேள்விக்குச் சுருக்கமாக.

சம்மாந்துறை: சிசேரியன் தழும்புக்குக் கீழே கல் போல ஒரு கட்டி. மாதவிடாயோடு சேர்ந்து வலித்தால் கருப்பை உட்படை தழும்பில் ஒட்டி வளர்வதாக இருக்கலாம். வலி காலக் கணக்கில் வராவிட்டால் டெஸ்மொயிட் என்ற நார்க்கட்டியும் இருக்கலாம். டெஸ்மொயிட் என்று உறுதியானால் இப்போது உடனே வெட்டுவதில்லை, பார்த்திருப்பார்கள். சிலது தானாகவே சுருங்கும். 2023இல் அமெரிக்காவில் அதற்கென்றே நிரொகசெஸ்டாட் என்ற குளிசைக்கு அனுமதி கிடைத்தது. இங்கே கையில் கிடைக்கிற மருந்துகளைப் பற்றி உங்கள் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் கேளுங்கள்.

ஏறாவூர்: கருப்பைத் தசையில் வருகிற ஃபைப்ரொயிட் கட்டியை வயிற்றில் போடுகிற சின்னத் துளை வழியாகத் துண்டாக்கி எடுக்கலாமா? ஃபைப்ரொயிட் என்று நினைத்ததற்குள் சார்க்கோமா ஒளிந்திருந்தால் துண்டாக்கும் இயந்திரம் அதை வயிற்றுக்குள் இறைத்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. மாதவிடாய் நின்ற பிறகும் வளர்கிற ஃபைப்ரொயிட் என்றால் கட்டாயம் இதைக் கேட்டுத் தெளியுங்கள்.

2024 டிசம்பர் 3

நவம்பர் கடைசி வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஊசித் தேதி தப்பிவிட்டது. கிளினிக்குக்குக் கோல் எடுத்தேன், பாதை திறந்த உடனே வரச்சொன்னார்கள், போட்டாயிற்று. கிளினிக் கொப்பி, எம்.ஆர்.ஐ. சீடி, ரிப்போட்டுகள் எல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி அட்டாளையில் வைத்திருந்ததால் தப்பியது. எல்லாப் பக்கத்தையும் போனில் படம் பிடித்துத் தங்கைக்கும் அனுப்பிவைத்தேன். நீங்களும் செய்யுங்கள். இந்த நோய் பத்து வருஷத்துக்குப் பிறகும் திரும்ப வந்த கதை இருக்கிறது. பழைய அளவு தெரியாமல் புதிய ஸ்கானைப் பார்த்து வளர்ந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

2024 டிசம்பர் 4

அக்கரைப்பற்று ஐயாவுக்குக் கட்டி எடுத்தாயிற்று. அதற்கு முதல் நாள் இரத்தக் குழாயை உள்ளே இருந்து அடைத்துவிட்டுத்தான் எடுத்தார்களாம், இரத்தம் போவதைக் குறைக்க. எடுத்த அன்றே சீனி ஏறத் தொடங்கிவிட்டது. திரும்பவும் மெட்ஃபோர்மின். மகன் அதைக் கவலையாக எழுதியிருக்கிறான்! தம்பி, அந்தக் குளிசைக்கு ஒரு கும்பிடு போடு.

2025 ஜூன் 17

இரண்டாம் அபிப்பிராயம் கேட்டால் டொக்டர் கோபிப்பாரா? என்னுடையவர் தானே அனுப்பினார். ஆஸ்பத்திரியில் துண்டை மெழுகுக் கட்டிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள். கடிதம் கொடுத்து அந்த மெழுகுக் கட்டியையோ கண்ணாடித் தகட்டையோ இரவல் பெற்று மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ இன்னொரு நோயியல் நிபுணருக்கோ கொண்டுபோகலாம். மென்னிழையக் கட்டிகள் அரிது. வளர்ந்தவர்களின் புற்றுநோய்களில் சார்க்கோமா 100க்கு ஒன்று அளவுதான், அதிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகை. ஒரு நிபுணர் இன்னொருவருக்குக் காட்டுவது அவருக்குக் குறைவில்லை. காட்டாமல் விடுகிற இடத்தில்தான் எனக்குப் பயம்.

2025 செப்டெம்பர் 2

திருக்கோவில் பிள்ளைக்கு. 22 வயது, கலியாணம் ஆகவில்லை, உள்ளே கை வைத்துப் பார்ப்பார்கள் என்ற பயத்தில் ஆறு மாதமாக அம்மாவுக்கும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். மகள், பெண் டொக்டர் வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. ஆண் டொக்டர் என்றால் பக்கத்தில் ஒரு மிஸ்ஸி நிற்க வேண்டும். அடிவயிற்றுக்கு மேலால் ஸ்கான் எடுக்கலாம், கட்டிக்கு மேலாலும் எடுக்கலாம், உள்ளே ஒன்றும் வைக்கத் தேவையில்லை. எம்.ஆர்.ஐ.க்கும் அப்படித்தான், சும்மா படுத்துக் கிடப்பதுதான். கலியாணம் ஆகவில்லை என்பதை முதலே சொல்லிவிடு, அவர்களும் அதற்கேற்ற மாதிரி நடப்பார்கள்.

கட்டி பெரிதாகிறது என்கிறாய். இனித் தள்ளிப்போடாதே. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குத் தனியாக வரப் பயமென்றால் நாளைக் குறித்து எழுது. அக்கரைப்பற்றில் பஸ் மாறி வா, நான் களுவாஞ்சிகுடியில் அதே பஸ்சில் ஏறுகிறேன். அம்மாவுக்குச் சொல்வதைத் திரும்பி வரும்போது இரண்டு பேருமாக யோசிப்போம்.